கேபிளின் மறுமுனையில் என் வீடு

கேபிளின் ஒரு முனை ஸ்மார்ட் போர்டில் செருகியிருந்தது. மறுமுனை என் கையில் இருந்தது. அதை என் போனில் செருக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எனக்கு முன்னால் பதினொன்றாம் தரத்துப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர். பின்வரிசைக் கதிரையில் மேற்பார்வைக்கு வந்த தவராசா சேர், மடியில் அவதானிப்புப் படிவத்தோடு. அவருக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பயிற்சி தந்த அஸ்கர் சேர், தன் போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என் கையைப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷம் விஞ்ஞானம் படிப்பித்த கை அது. அமிலம் ஊற்றியிருக்கிறது, தவளையைக் கீறிக் காட்டியிருக்கிறது. அன்று ஒரு சின்னக் கேபிளுக்குப் பயந்தது.

"டீச்சர், தொடங்குவமா?" என்றார் அஸ்கர் சேர்.

பிஸ்மி சொல்லிச் செருகினேன்.

சென்ற வாரம் என் முதல் நியமனத்தைப் பற்றி, பொத்துவில் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். 'நீங்கள் எதற்கும் பயப்படாத ஆள் போலிருக்கிறதே' என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன். நடந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உறை போட்ட போர்ட்

எங்கள் பெண்கள் பாடசாலை சாய்ந்தமருதில், கடற்கரை வீதியிலிருந்து இரண்டு வளவு உள்ளே. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பியைத் தின்றது, ஆய்வுகூடத்துத் தராசைத் தின்றது, ஒலிபெருக்கியின் தொண்டையையும் தின்றது.

அதனால் ஸ்மார்ட் போர்ட் வந்து இறங்கிய அன்றே அதிபருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மருதமுனையில் தறி வைத்திருக்கும் தன் மச்சானிடம் சொல்லி, தடித்த துணியில் நீலக்கரை வைத்து ஒரு உறை நெய்வித்து எடுத்தார். உறை போட்டார். கதவைப் பூட்டினார். கதவுக்கு வெளியே இரும்புக் கிறில் போட்டு அதையும் பூட்டினார். இரண்டு திறப்பும் அவர் இடுப்பில்.

இரண்டு மாதமாக நாங்கள் ஜன்னலால் எட்டி அந்த உறையைப் பார்த்துவிட்டுப் போனோம். புதுப்பெண்ணைப் பார்ப்பது போல என்று ஆசிரியைகள் பகிடி பண்ணுவார்கள். முகத்தைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் பதினொன்றாம் தரத்துக்கு விஞ்ஞானமும் கணிதமும் ஸ்மார்ட் அறையில்தான் நடக்கவேண்டும். பயிற்சி பெற்றுச் சித்தியடைந்தவர்தான் அந்த அறையில் படிப்பிக்கலாம். அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க பயிற்சிக்குப் போகோணும். இல்லாட்டிப் பதினொண்ட வேற ஆளுக்குத்தான் குடுக்க வேண்டி வரும். மறுகா என்னைக் குறை செல்லக்கூடா."

அந்தப் பிள்ளைகளை ஆறாம் தரத்திலிருந்து நான்தான் கொண்டுவருகிறேன். யாருக்குப் பின்னம் வராது, யார் காலையில் சாப்பிடாமல் வருவாள், யார் விளங்காவிட்டாலும் விளங்கியது போல் தலையாட்டுவாள் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஆறேழு மாதம் இருந்தது. அந்த நேரத்தில் அவர்களை இன்னொருவர் கையில் கொடுப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"போறன் சேர்" என்றேன்.

ஐந்து சனிக்கிழமைகள்

பயிற்சி ஐந்து சனிக்கிழமை. நாற்பது பேர், அதில் முப்பது பேர் பெண்கள். மண்டபத்தில் பிளக் இரண்டே இரண்டு.

அஸ்கர் சேருக்கு வயது முப்பதுக்குள். கெட்டிக்காரர், நல்ல பண்பானவர். ஆனால் அவர் விரல் போகிற வேகத்துக்கு எங்கள் கண் போகவில்லை. "இதத் தட்டுங்க, இதால போங்க, இப்ப வந்திரிக்கும், சரிதானே?" என்று கேட்பார். நாற்பது பேரும் "ஓம் சேர்" என்போம். திரையில் வந்ததைப் பிறகு பார்க்கலாம் என்று எல்லோரும் போனில் படம் பிடித்துக்கொள்வோம். வீட்டுக்குப் போய் அந்தப் படங்களைத் திறந்தால் முன்னால் இருந்த டீச்சரின் தலைதான் தெரியும்.

கையைத் தூக்கி 'விளங்கவில்லை' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விளங்காவிட்டால் கேளுங்கள், கேட்கிறவள்தான் கெட்டிக்காரி என்று பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்கிற வாய் இது.

நான்காவது சனிக்கிழமை ஒரு டீச்சர் துணிந்து கேட்டார். "சேர், எங்கட ஸ்கூல்ல லெப்டொப் ஒண்டுதான் இரிக்கி. அதும் ஒபிஸ்ல. நாங்க என்னத்தக் கொண்டு போர்ட்டுக்குக் குடுக்கிற?"

"உங்கட போன் இரிக்கே, டீச்சர். கேபிளைச் செருகினாப் போனில தெரியிறதெல்லாம் போர்ட்டில தெரியும்."

எங்கள் லெப்டொப்பும் அலுவலகத்தில்தான் இருந்தது. பற்றரி ஊதிப்போய், மூடி மூடமுடியாமல். ஆகவே எனக்கும் போன்தான் கதி.

பிறகு அவர் விதிகளைச் சொன்னார். செய்முறைப் பாடம் நாற்பது நிமிஷம். அதை முழுக்கப் படமெடுத்துப் பயிற்சித் தளத்தில் ஏற்றவேண்டும், கல்முனைக் கல்வி வலயத்து ஆசிரியர்கள் எல்லாரும் பார்க்கலாம். வெட்டி ஒட்டக்கூடாது, ஒரே துண்டாக இருக்கவேண்டும். படம் இல்லாவிட்டால் சித்தி இல்லை. தவறியவர்கள் அடுத்த வருஷப் பயிற்சிக்குத்தான் திரும்ப வரலாம்.

எனக்கு அவர் முதலில் சொன்னதிலேயே மனம் நின்றுவிட்டது. போனில் தெரிவதெல்லாம் போர்ட்டில் தெரியுமாம்.

என் போனுக்குள் என் வீடு இருந்தது. பெருநாளைக்கு எடுத்த படங்கள், தங்கச்சி வீட்டுப் பெண்கள், டுபாயில் இருக்கும் என் புருஷன் வழி மச்சி, எல்லாரும் முக்காடில்லாமல், வீட்டுக்குள் இருப்பது போலவே. எங்களிடையே பெண்களுக்கு மட்டும் ஒரு குரூப் உண்டு. அதில் வருவதைப் புருஷன்மாருக்குக்கூடக் காட்டுவதில்லை. பார்த்துவிட்டு அழித்துவிடவேண்டும் என்பது பேச்சு. யார் அழித்தார்கள்?

அந்த மண்டபத்தில் முப்பது பெண்கள் இருந்தோம். முப்பது பேர் மடியிலும் முப்பது போன். 'சேர், இதுக்குள்ள எங்கட வீடு இரிக்கே' என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு அந்நிய ஆணிடம் சொன்னதாகிவிடும்.

கடலுக்குப் போன பாடம்

போனோடு எனக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. கொரோனாவில் பாடசாலைகள் பூட்டியிருந்த நேரம், குரலைப் பதிந்து பாடம் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் போன் ஒன்றுதான். அது வாப்பாவின் சட்டைப்பைக்குள். வாப்பா கடலில்.

காலை எட்டு மணிக்கு நான் ஒளித்தொகுப்பை அனுப்புவேன். அது தோணியில் ஆழ்கடலைச் சுற்றிவிட்டு மறுநாள்தான் பிள்ளையின் கைக்கு வரும்.

ஒரு நாள் ஒரு வாப்பா போன் எடுத்தார். "டீச்சர், நீங்க செல்ற அந்த ஒளித்தொகுப்பு எனக்கு வடிவா விளங்கிட்டு. வலையப் போட்டுட்டு ரெண்டு தரம் கேட்ட. மகளுக்குத்தான் விளங்கல்லயாம், அவளுக்கு ஒருக்காச் செல்லிக் குடுங்க."

அந்த மகள்தான் ஹம்னா. பிறகு பதினொன்றில் முன்வரிசையில் இருந்தவள். அன்று சிரித்தேன். ஆனால் முன்பின் தெரியாத ஆண்கள் நடுக்கடலில் என் குரலை இரண்டு தரம் கேட்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு பாடங்களைச் சுருக்கிச் சுருக்கித்தான் பதிந்தேன். இந்தப் பொருட்களால் ஒரு விஷயம் வகுப்பை விட்டு வெளியே போனால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

போனைக் கழுவினேன்

பாடத்துக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாகப் பார்த்து அழித்தேன். பெருநாள்கள் போயின. மகள் பெரிய பிள்ளையான அன்று எடுத்தவை போயின. டுபாய் மச்சி போனாள். இருந்த இடமெல்லாம் தேடித்தேடிக் கழுவினேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது என் போனில் மிஞ்சியிருந்தவை பாடக்குறிப்பும், ஒரு மின்சாரப் பட்டியலும், ஆட்டுக்குட்டி ஒன்றின் படமும்தான்.

கடைசியாகச் சத்தத்தை அடைத்தேன். பாடத்தின் நடுவே யாரும் அழைத்தால் மானம் போய்விடுமே. சத்தம் வந்தால்தானே ஆபத்து என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் தொழில்நுட்ப அறிவு.

பழையதையெல்லாம் துடைத்த எனக்கு, புதிதாக ஒன்று வரலாம் என்பது தோன்றவேயில்லை. டேட்டாவையோ அணைக்க முடியாது. நான் படிப்பிக்கப்போவது இதயம், அதன் காணொளி பயிற்சித் தளத்திலிருந்து நேராகத்தான் ஓடும்.

தங்கச்சி சில்மியாவின் மகளுக்கு இரண்டு கிழமையில் கலியாணம். மாப்பிள்ளைக்கு ஊர் இறக்காமம். வீடு முழுக்க அந்தப் பரபரப்பு. அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதயம்

கேபிளைச் செருகியதும் போர்ட் வெளிச்சமானது. உறையைக் கழற்றி மேசையில் மடித்து வைத்திருந்தேன். இதயம் வந்தது. ஆள் உயரத்துக்கு, சிவப்பாக, சுருங்கி விரிந்துகொண்டு. பிள்ளைகள் "யா அல்லாஹ்" என்று மூச்சை இழுத்தார்கள்.

"டீச்சர், சத்தமில்லாம அடிக்கிதே?" என்றாள் ஹம்னா.

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் தவராசா சேரும் சிரித்தார். வீரமுனைப் பக்கத்து மனிதர். நெற்றியில் திருநீறு, காதில் செருகிய பேனை. கண்டிப்பானவர் என்று பெயர். அவர் சிரித்ததும் எனக்குப் பயம் பாதி குறைந்தது. வால்வுகளைக் காட்டினேன். இரத்தம் போகும் வழியை விரலால் தொட்டுக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே அதிபர் வந்து நின்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார். கால் மணித்தியாலம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. இனிப் பதினொன்று என் கையை விட்டுப் போகாது என்று நிம்மதிப்பட்டேன்.

முதல் காணொளி முடிந்தது. அதை மூடப் போனின் மேல் மூலைக்கு விரலைக் கொண்டுபோனேன். அந்த நொடியில் மேலிருந்து ஒரு செய்தி இறங்கியது. விரல் அதன்மேல் விழுந்தது.

இதயம் இருந்த இடத்தில் என் தங்கச்சியின் மகள் நின்றாள். முக்காடில்லாமல், முடியை அவிழ்த்து இடுப்பு வரை ஒரு தோளில் விட்டு, கண்ணாடிக்கு முன்னால் சிரித்தபடி. ஆள் உயரத்துக்கு. கீழே தங்கச்சி எழுதியிருந்தாள்: 'ராத்தா, முடிய இப்பிடி விட்டா நல்லாரிக்கா?'

கேபிளை இழுத்திருந்தால் முடிந்திருக்கும். அதுகூடத் தோன்றவில்லை. மூடுவதற்குத் தட்டினேன், படம் இன்னும் பெரிதானது.

முப்பத்து நான்கு தலைகளும் ஒரேயடியாகக் குனிந்தன. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. குனிந்த தலையோடு ஹம்னா எழுந்து வந்தாள், மேசையிலிருந்த உறையை எடுத்தாள், பக்கத்தில் இருந்தவளும் ஓடிவந்து மறு நுனியைப் பிடித்தாள். இரண்டு பேரும் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். பிறகுதான் என் கை கேபிளை இழுத்தது.

திரும்பிப் பார்த்தேன். தவராசா சேர் கதிரையில் அப்படியே திரும்பி, ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது திரும்பினார் என்று தெரியாது. அஸ்கர் சேரின் தலை குனிந்திருந்தது. ஆனால் போன் பிடித்த கை இறங்கவில்லை. அந்தப் போனின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், பாடத்தக் கொண்டு போங்க" என்றார் தவராசா சேர், கடலைப் பார்த்தபடியே.

மீதிப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று இன்றும் நினைவில்லை. மணி அடித்தது. அதிபர் வந்து இருவரையும் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேட்க முடியாத கேள்வி

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் காணொளி எங்கே இருக்கிறது? வெட்டி ஒட்டக்கூடாது என்பது விதி. ஏற்றினால் அந்தப் பிள்ளையும் சேர்ந்துதான் ஏறுவாள். கல்முனையில் ஏறினால் இறக்காமத்தில் தெரிய எவ்வளவு நேரம் போகும்? மாப்பிள்ளையின் சாச்சா ஒருவர் ஆசிரியர் என்று வேறு கேள்வி.

தங்கச்சி மறுநாளே போன் எடுத்தாள். "என்ன ராத்தா, படத்தப் பாத்திட்டுப் பதில் செல்லல்ல? புடிக்கல்லயா?"

"பாத்தன்கா. நல்லாரிக்கி."

"குரல் என்ன ஒரு மாதிரி? சுகமில்லையா?"

"தொண்டை கட்டிரிக்கி."

இன்னும் இரண்டு கிழமையில் கலியாணம் நடக்கப்போகிற வீட்டில் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் என்னை மன்னிக்கலாம். அவள் புருஷன் மன்னிக்கமாட்டார். அவருக்குப் படம் இருப்பதே தெரியாது.

அஸ்கர் சேருக்கு எழுத நினைத்தேன். 'சேர், அந்தக் காணொளியை...' என்று தொடங்கி அழித்தேன். 'சேர், அன்றைய பாடம்...' என்று தொடங்கி அழித்தேன். எப்படி எழுதினாலும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு ஆணோடு நானே கதை தொடங்கியது போல இருந்தது. பார்க்காதவராகவே அவர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் இருந்தது. பார்க்காதவர் எப்படி அழிப்பார் என்றும் இருந்தது.

ஒவ்வொரு காலையும் சுபஹுக்குப் பிறகு பயிற்சித் தளத்தைத் திறப்பேன். மற்ற டீச்சர்மாரின் பாடங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. இல்லை என்று கண்டதும் ஒரு நிம்மதி. அடுத்த மூச்சிலேயே, படம் இல்லாவிட்டால் சித்தி இல்லை என்ற நினைப்பு. எது நடக்கவேண்டும் என்று துஆக் கேட்பது என்றே தெரியாமல் கையை ஏந்திக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. முப்பத்து நான்கு வீடுகள், முப்பத்து நான்கு உம்மாமார். ஒரு வாய் திறந்திருந்தால் போதும். ஊரில் ஒரு சத்தமும் வரவில்லை. ஹம்னா வழக்கம்போலவே கேள்வி கேட்டாள். அன்றைய நாளைப் பற்றி ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

ஒப்பம்

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அதிபர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மேசையில் அவதானிப்புப் படிவம். முகம் சிவந்திருந்தது.

"டீச்சர், இதப் பாருங்க. என்ன அநியாயம் இது?"

தவராசா சேரின் கையெழுத்து. வடிவான, நேரான எழுத்து.

'ஆசிரியரின் பாட அறிவும் மாணவர் ஈடுபாடும் மிகச் சிறப்பு. எனினும் பாடம் தொடங்கியது முதல் திரை இயங்கவில்லை. திரையில் எதுவும் தெரியாததால் காணொளிப் பதிவு மேற்கொள்ளப்படவில்லை. ஆசிரியர் அடுத்த பயிற்சியில் மீண்டும் பங்குபற்ற வேண்டும்.'

இரண்டு தரம் வாசித்தேன். காணொளி இல்லை. அஸ்கர் சேர் அதை அழித்திருக்கவேண்டும். இல்லாத காணொளிக்குக் காரணம் காட்ட, இயங்கிய திரையை இயங்கவில்லை என்று எழுதியிருக்கிறார் அந்தக் கண்டிப்பான மனிதர். வேறு வழியில்லை. காணொளி ஏன் இல்லை என்று மேலிடம் கேட்டால், அவர் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டி வரும்.

கண் நிறைந்துவிட்டது. அது நன்றியா, ஆத்திரமா, அழுகையா என்று எனக்கே பிடிபடவில்லை.

"அழாதீங்க டீச்சர்" என்றார் அதிபர். "நான் விடமாட்டன். அண்டைக்கி ஜன்னலால நானே பாத்த. இதயம் இந்தப் பெரிசாத் தெரிஞ்சிச்சே! மேன்முறையீடு எழுதுங்க, நான் சாட்சி செல்றன். இல்லாட்டி, இந்தா, பதினொண்ட வேற டீச்சருக்கு மாத்தத்தான் வரும். பரீட்சைக்கு எத்தின மாசம் இரிக்கி? உங்கட புள்ளையள்தானே?"

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு தாள் எழுதினால் போதும், என் பிள்ளைகள் என்னிடமே இருப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் தவராசா சேரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பிறகு அஸ்கர் சேரை. பிறகு முப்பத்து நான்கு பேரை.

"இல்ல சேர்" என்றேன். "ஒண்டும் தெரியல்ல."

"என்ன டீச்சர் கதைக்கிறீங்க? நான் என்ட கண்ணால பாத்த."

"வெளிச்சம் மட்டுந்தான் வந்திச்சி, சேர். படம் வரல்ல."

அதிபர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பேனையை என் பக்கம் தள்ளினார். 'ஆசிரியரின் ஒப்பம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தெரிந்துகொண்டே நான் ஒப்பமிட்ட முதல் பொய் அது. அதை எனக்காக எழுதியவருக்காக அன்று லுஹர் தொழுகையில் துஆக் கேட்டேன்.

கலியாணம் நல்லபடி நடந்தது. எனக்கு ஆறாம் தரம் தந்தார்கள். அந்த வகுப்பு கீழ்மாடியில், பதினொன்று மேல்மாடியில்.

அடுத்த திங்கட்கிழமை முதல் பாடத்துக்கு மணி அடித்ததும் என் கால் பழக்கத்தில் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டது. பாதியில்தான் நினைவு வந்தது. மேலே கதிரைகள் உரசுகிற சத்தம் கேட்டது. முப்பத்து நான்கு பேரும் எழுந்து நின்று இன்னொரு டீச்சருக்கு ஸலாம் சொன்னார்கள். படியில் நின்றபடி, வாய்க்குள்ளேயே பதில் சொல்லிவிட்டு, திரும்பிக் கீழே இறங்கினேன்.